எட்டு போட்ட பையனும் நாலு போட்ட பெண்ணும்

முதலாண்டு மாணவர்களின் ஆங்கிலப் பேச்சு வகுப்பை ஒவ்வொரு வருடமும் துண்டுச் சீட்டோடுதான் தொடங்குவேன். "உங்களுக்கு எவ்வளவு இங்கிலீஷ் பேச வரும்? பத்துக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, மடித்த சீட்டுகளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன். அப்புறம், அந்த நாட்களில், ஒவ்வொருவராக எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டியிருந்தது. தலைப்பு பெரிதாக ஒன்றும் கிடையாது. இன்று காலை வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்து சேர்ந்த கதை, அவ்வளவுதான்.

ஒரு வருடம் பேசிய இரண்டு பேர் இன்னும் நினைவில் நிற்கிறார்கள். பையன் "மைசெல்ஃப்" என்று ஆரம்பித்தான். டவுன் பஸ், கண்டக்டர், சில்லறைத் தகராறு என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தன. வார்த்தை கிடைக்காத இடத்தையெல்லாம் "ஆக்சுவலி" போட்டு நிரப்பினான். வகுப்பு சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு நிமிடம் முடிந்தும் நிறுத்த மனம் வரவில்லை. பிறகு சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு.

அடுத்து எழுந்த பெண் கையில் நோட்டு இருந்தது. சொல்ல வேண்டியதை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தாள். "நோட்டை வைத்துவிட்டுப் பேசும்மா" என்றதும் துப்பட்டா நுனியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். தரையைப் பார்த்தபடி ஆறேழு வாக்கியம் பேசினாள். அதில் கடைசி வாக்கியம், "இஃப் ஐ ஹேட் மிஸ்ட் தட் பஸ், ஐ வுட் ஹேவ்" வரை வந்தது. யாரோ பின்னால் செருமினார்கள். "சாரி மேம்" என்று உட்கார்ந்துவிட்டாள். எதற்கு சாரி என்று எனக்குப் புரியவில்லை. அப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே அந்த வகுப்பில் வேறு ஆள் கிடையாது. அவள் சீட்டில் ஐந்து என்று எழுதி, அதை அடித்து நாலு ஆக்கியிருந்தாள்.

நான் போட்ட மார்க், பையனுக்கு ஐந்து, பெண்ணுக்கு ஏழு.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால் "பொண்ணுங்களுக்குக் கூச்சம், பசங்களுக்குத் தைரியம், எப்பவும் உள்ளதுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்நிய மொழி கற்பவர்களின் இந்தக் கூச்சத்தையும் தைரியத்தையும் ஐம்பது வருடம்போல அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்களை நம் வகுப்பறையோடு சேர்த்துப் படித்தபோது, நான் குணம் என்று நினைத்ததில் பெரும்பங்கு குணமே இல்லை என்று தோன்றியது. வாயைத் திறக்க ஒருவருக்கு எத்தனை இடம் கிடைத்தது, திறந்து தப்பாகிப்போனால் அவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற இரண்டு கேள்விக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

பயத்துக்கு ஓர் அளவுகோல்

தன்னம்பிக்கை என்பது நம் ஊரில் மேடைப் பேச்சாளர்கள் கையில் தேய்ந்துபோன சொல். உளவியலில் அதற்குக் கொஞ்சம் குறுகலான, உபயோகமான பொருள் இருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய கட்டுரையில், 'நான் கெட்டிக்காரன்' என்ற பொதுவான நினைப்பை விட்டுவிட்டு, 'இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற கணிப்பை எடுத்துக்கொண்டார். அந்தக் கணிப்பு நான்கு வழிகளில் வருகிறது என்றார். முன்பு செய்து முடித்த அனுபவம் ஒன்று. நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. 'உன்னால் முடியும்' என்று பிறர் சொல்வது மூன்றாவது. நான்காவது, நம் உடம்பே சொல்லும் சேதி: படபடக்கும் நெஞ்சு, வறண்ட தொண்டை. நான்கிலும் வலுவானது முதலாவதுதான் என்பது அவர் முடிவு. நம் ஊர் தன்னம்பிக்கை முகாம்கள் மூன்றாவதை மட்டும் ஒலிபெருக்கியில் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுகின்றன.

மொழி வகுப்புக்கென்று தனி அளவுகோல் வந்தது 1986-ல். எலைன் ஹார்விட்ஸும் இரண்டு சகாக்களும் 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். அந்நிய மொழியில் பேசும்போது நான் சொல்வது சரிதானா என்ற நிச்சயம் எனக்கு வருவதில்லை, மற்ற மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயம், இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். கூட்டினால் 33-லிருந்து 165-க்குள் ஓர் எண் வரும். துருக்கி, சீனா, ஈரான், ஜப்பான் என்று ஆங்கிலம் கற்பிக்கும் நாடெல்லாம் இந்தப் படிவம்தான் இன்றைக்கும் சுற்றுகிறது. கணிதத்துக்குப் பயப்படுகிறவர் கணக்குக்கு மட்டும்தான் பயப்படுகிறார். அந்நிய மொழியில் வாயைத் திறப்பவர் தன்னையே அரைகுறையாக வெளியே காட்டுகிறார், அதனால் இது தனி வகைப் பயம் என்பது ஹார்விட்ஸ் தரப்பின் வாதம். தமிழில் வாயாடியான ஒரு பெண் ஆங்கில வகுப்பில் ஆறு வயதுக் குழந்தை மாதிரி பேச நேர்கிறது. யாருக்குத்தான் பிடிக்கும்?

கனடாவில், ஆங்கிலமும் பிரெஞ்சும் தெருவில் உரசிக்கொள்ளும் ஒட்டாவா நகரத்திலிருந்து ரிச்சர்ட் கிளெமான் இன்னொரு கோணம் சொன்னார். இரண்டாம் மொழியில் நம்பிக்கை என்பது பாதி பயமின்மை, பாதி 'எனக்கு வரும்' என்ற எண்ணம். அது வளர்வது அந்த மொழி பேசுகிறவர்களோடு எவ்வளவு பழகுகிறோம், அந்தப் பழக்கம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதைப் பொறுத்து. இந்த ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும். நம் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். ஆனால் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலத்தில் பேச ஒரு ஆள்கூடக் கிடையாது. நடைமுறையில் அது அந்நிய மொழிதான்.

கிளெமானோடு சேர்ந்து உழைத்தவர் பீட்டர் மெக்கின்டைர். வாய்ப்பு வரும்போது ஒருவர் பேச முன்வருவாரா மாட்டாரா என்பதை ஆராய்வதே அவர் வேலை. ஆங்கிலம் பேசிக் காட்டுவதை நாம் 'பீட்டர் விடுவது' என்கிறோம். அந்தத் துறையின் முக்கியமான ஆளுக்கு அந்தப் பெயரே வாய்த்திருக்கிறது. 1997-ல் இவர்கள் பிரெஞ்சு கற்கும் 37 இளைஞர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். உனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று சோதித்தார்கள். பயம் அதிகம் உள்ளவர்கள் தங்கள் திறமையை உள்ளதைவிடக் குறைத்தும், பயம் குறைந்தவர்கள் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். என் இழுப்பறைச் சீட்டுகளை எனக்கு முன்பே யாரோ பிரித்துப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. தன்னைக் குறைத்து எடைபோடுகிறவர் பேச முன்வருவதில்லை. பேசாததால், பண்டூரா சொன்ன அந்த முதல் வழி, செய்து முடித்த அனுபவம், அவருக்கு அடைபட்டுப்போகிறது. அனுபவம் இல்லாததால் மறுபடி குறைத்து எடைபோடுகிறார். எட்டு போட்ட பையனுக்கு இதே சுழல் மேல்நோக்கிச் சுற்றுகிறது. தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே மூன்றாம் ஆண்டில் அவன் எட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறான்.

பெண்ணுக்கு மொழி வரும் என்ற பேச்சு

சரி, இதில் ஆண் பெண் வித்தியாசம் எங்கே வருகிறது? 'மொழி பெண்களுக்குச் சுலபமாக வரும்' என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. ஜேனட் ஹைடும் மார்ஷியா லின்னும் 1988-ல் மொழித்திறன் பற்றிய 165 ஆய்வுகளை ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் பார்த்தார்கள். பெண்கள் முன்னால்தான், ஆனால் ஒரு மயிரிழைதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் பொறுக்கினால், பெண் முன்னால் இருக்க நூற்றுக்கு 53 வாய்ப்பு, அவ்வளவே. இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் 'உனக்கு மொழி வரும்' என்றும், ஒரு பையனிடம் 'உனக்கு வராது' என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

அந்நிய மொழி என்று வரும்போது நெதர்லாந்தின் எண்கள் கவனிக்கத்தக்கவை. அங்கே குடியேறியவர்கள் எழுதும் டச்சு மொழித் தேர்வு முடிவுகளை 2015-ல் அலசினார்கள். 88 நாடுகள், 49 தாய்மொழிகள், 27,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தவர்கள். படிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பேசுவதிலும் எழுதுவதிலும் பெண்கள் முன்னால் இருந்தார்கள். பேசுவதில் என்பதைக் கவனியுங்கள். பெண்ணின் நாக்குக்கு இயல்பாகவே கூச்சம் என்றால் இந்த முடிவு வந்திருக்கக் கூடாது.

அப்படியானால் பெண்களுக்கு நம்பிக்கையும் அதிகமா? அங்கேதான் சிக்கல். ழான்-மார்க் டெவாலும் மெக்கின்டைரும் வேறு இருவரும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 1,736 அந்நிய மொழி மாணவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். மொழி வகுப்பை அதிகம் ரசித்தது பெண்கள்தான். தப்பு செய்துவிடுவோமோ என்று அதிகம் கவலைப்பட்டதும், பேசும்போது நம்பிக்கை குறைவாக இருந்ததும் அதே பெண்கள்தான். ரசனையும் பயமும் ஒரே ஆளிடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பயப்படுகிறாள் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பிடித்திருப்பதாலேயே பயப்படலாம்.

இந்தப் படிவ ஆய்வுகளை அப்படியே விழுங்கிவிடவும் முடியாது. டெவாலின் ஆய்வில் இணையத்தில் தாமாக வந்து நிரப்பியவர்களே இருந்தார்கள், நான்கில் மூவர் பெண்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற வரிக்கு நேராக டிக் போட ஒரு பையன் எவ்வளவு தயங்குவான் என்பதும் கணக்கில் வராது. என் அனுபவத்தில், பயந்த பெண் நடுங்கிக்கொண்டாவது வந்து பேசிவிட்டுப் போகிறாள். பயந்த பையன் பிரசன்டேஷன் அன்றைக்கு ஆப்சென்ட். வராதவனிடம் யார் படிவம் கொடுப்பது? சில நாடுகளில் பெண்களுக்குப் பயம் அதிகம் என்றும், சில இடங்களில் வித்தியாசமே இல்லை என்றும் முடிவுகள் மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் கல்லில் எழுதியதும் அல்ல. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வந்தது. பையன்களிடம் பயமும் பேசும் விருப்பமும் மூன்று வகுப்பிலும் ஒரே அளவில் இருந்தன. பெண்களிடம் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது பயம் குறைந்து விருப்பம் கூடியிருந்தது.

யார் கையில் போன்?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 14 முதல் 18 வயதுவரை உள்ள கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 'அசர்' கல்விக் கணக்கெடுப்பின் 2023 அறிக்கையைப் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்டது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் எடுக்கப்பட்டது அது. அதில் ஒரு இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கள் வட்டார மொழியில் வாசிக்க முடிந்தவர்கள், பெண்களில் 76 சதவீதம், ஆண்களில் 70.9 சதவீதம். அதே பிள்ளைகளிடம் ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்தபோது ஆண்கள் முந்திவிட்டார்கள்.

மொழித்திறன் பிறவியில் வருவது என்றால், வட்டார மொழியில் முன்னால் போகிறவள் ஆங்கிலத்தில் ஏன் பின்தங்க வேண்டும்? நாக்கும் மூளையும் அதேதானே. மாறியது வேறு. கிராமப்புற இந்தியாவில் தனியார் பள்ளிக்குப் போவதில் ஆண் பிள்ளைகளின் பங்கு அதிகம் என்று இதே அமைப்பின் அறிக்கைகள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் கட்ட முடியும் என்றால் அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. 'அவன்தான் நாளைக்கு வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்கணும்.'

அடுத்தது போன். ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தமாக ஒன்று வைத்திருந்தது ஆண்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம். பாதிக்கும் குறைவு. ஊரில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாத இடத்தில் போன்தான் அந்த ஆள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு எங்கோ இருப்பவனோடு கேம் விளையாடும் பையன், "கவர் மீ, கவர் மீ" என்று தொடங்கி அரைகுறை ஆங்கிலத்தில் சண்டையே போடுகிறான். அவனை யாரும் திருத்துவதில்லை, மார்க் போடுவதில்லை. எதிரில் இருப்பவன் ஆங்கிலமும் அதே லட்சணம்தான். கிளெமான் சொன்ன 'இனிமையான பழக்கம்' இதைவிட எப்படி இருக்கும்? தங்கைக்குக் கிடைப்பது அம்மா போன், இரவு எட்டு மணிக்குமேல், ஹோம்வொர்க் பார்க்க, கூடத்தில் எல்லோர் கண்முன்னால்.

இங்கிலாந்தில் கதை நேர்மாறு. அங்கே 14 வயதுக்குமேல் அந்நிய மொழி கட்டாயமில்லை என்று 2004-ல் ஆனது. பிரெஞ்சும் ஜெர்மனும் எடுப்பவர்களில் பையன்கள் குறைந்த பங்கே இருக்கிறார்கள், அது பெண்கள் பாடம் என்ற பேச்சும் உண்டு. அந்த ஊர்ப் பையனுக்கு பிரெஞ்சு வந்தால் சம்பளம் கூடப்போவதில்லை. நம் ஊரில் ஆங்கிலம் என்றால் சம்பளம். 2005-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களை வைத்துச் செய்த ஒரு பொருளாதார ஆய்வு, சரளமாக ஆங்கிலம் பேசும் இந்திய ஆணின் மணிக்கூலி, ஆங்கிலமே தெரியாதவரைவிட 34 சதவீதம் அதிகம் என்றது. கொஞ்சம் பேசத் தெரிந்தாலே 13 சதவீதம். பணம் வரும் மொழி மகனுக்குப் போகிறது. வராத ஊரில் அது மகளின் பொழுதுபோக்காகிறது.

ஆனால் பணம் இருக்கும் பக்கம் எப்போதும் பையன்தான் என்று முடித்துவிடாதீர்கள். மும்பை தாதர் பகுதியில் கைவான் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1990-களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது ஆங்கிலத்துக்கான கூலி ஏறியது. அப்போதும் தாழ்த்தப்பட்ட, பின்தங்கிய சாதிப் பையன்கள் மராத்தி வழிப் பள்ளிகளிலேயே அதிகம் தங்கினார்கள். காரணம், ஆலையிலும் துறைமுகத்திலும் சாதிக்காரர்கள் மூலம் வேலை வாங்கிக்கொடுக்கும் பழைய வலை. மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், எதற்கு இங்கிலீஷ்? அந்த வலையில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை. அதனால் கட்டிப்போடவும் ஒன்றும் இல்லை. அதே சாதிப் பெண்கள் வேகமாக ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாறினார்கள். விலக்கி வைக்கப்பட்டதே வழி திறந்துவிட்ட விசித்திரம் அது.

தப்புக்கு என்ன விலை?

தமிழ்நாட்டு வகுப்பறையில் இதே விஷயம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. பிளஸ் டூ தேர்வில் பெண்கள் முந்துவது இங்கே வருடா வருடம் வரும் தலைப்புச் செய்தி. 2025-ல் பெண்கள் 96.70 சதவீதமும் ஆண்கள் 93.16 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். அதே பெண்கள் கல்லூரிக்கு வந்து கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரும்போது, "நல்ல மார்க்தான், ஆனால் கம்யூனிகேஷன் இல்லையே" என்ற சொல்லோடு வெளியே வருகிறார்கள். எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும் வேறு வேறு குணத்துக்குப் பரிசு கொடுக்கின்றன. எழுத்துத் தேர்வு கவனத்துக்கு மார்க் போடுகிறது. அடித்துத் திருத்தலாம், மறுபடி படிக்கலாம், தப்பு இருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் 'தப்பில்லாமல் எழுது' என்று பழக்கிய பிள்ளையை ஒரே நாளில் 'தப்பானாலும் பேசு' என்றால் எங்கே போவாள்? கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் இது அதிகம் கஷ்டம், பையனானாலும் பெண்ணானாலும். அப்படிப் பழகியவர்களில் பெண்கள் கொஞ்சம் கூடுதல்.

இந்த இடத்தில் மொழியோடு சம்பந்தமில்லாத ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கேத்ரின் பால்டிகா 2014-ல் வெளியிட்டது, நெகட்டிவ் மார்க் பற்றியது. சரித்திரக் கேள்விகள் கொடுத்து, தப்பான பதிலுக்கு மார்க் பிடிக்கமாட்டோம் என்றபோது எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார்கள். கால் மார்க் பிடிப்போம் என்றதும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகக் கேள்விகளை விட்டுவிட்டார்கள். பாட அறிவில் இருபாலருக்கும் வித்தியாசம் இல்லை. தங்கள் பதில்மேல் இருந்த நம்பிக்கையில்கூட வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்ததை விட்டுவிட்டதால் மார்க் குறைந்ததுதான் மிச்சம். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் தேர்வில் 2016-லிருந்து அந்த மார்க் பிடிக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

வகுப்பில் ஆங்கிலம் பேசுவதும் நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வுதான், பிடிக்கிறவர்கள்தான் வேறு. பின்பெஞ்சிலிருந்து வரும் அந்த 'க்ளுக்' சத்தம் கால் மார்க். 'தமிழ் மீடியமா நீ?' என்பது அரை மார்க். பெண் தப்பாகப் பேசினால் மூன்று வருடத்துக்கு அந்த வார்த்தையே அவள் பட்டப்பெயர். சரியாகப் பேசினாலும் தப்ப முடியாது. 'ஓவரா சீன் போடுறா' என்பார்கள், அதிலும் மற்ற பெண்களே முதலில். சத்தமாகச் சிரிக்காதே, தெருவில் நின்று பேசாதே என்று கேட்டு வளர்ந்தவள், முப்பது பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, சரியாகத் தெரியாத மொழியில் சத்தமாகப் பேச வேண்டும்.

பையனுக்கும் விலை உண்டு, வேறு நாணயத்தில். நன்றாகப் பேசுகிற பையனைப் 'பீட்டர்' என்று ஓரம் கட்டிவிடுவார்கள். நண்பர் கூட்டத்தில் இடம் வேண்டுமென்றால் சுத்தமான உச்சரிப்பை வாசலில் கழற்றிவைக்க வேண்டும். அதனால் பையன்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: தப்பை வேண்டுமென்றே நகைச்சுவையாக்கிவிடுவது. மற்றவன் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிட்டால் அவமானம் இல்லை. எட்டு போட்ட என் பையனிடம் இருந்ததில் பாதி நம்பிக்கை, பாதி இந்தக் கவசம் என்று பின்னால்தான் புரிந்தது. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் தனியாக வந்து, "மேம், நான் சீரியஸாப் பேசினா ஒழுங்கா வருமா மேம்?" என்று கேட்டான். அந்தக் கவசத்தைப் பெண்கள் போட்டுக்கொள்ள முடியாது. கோமாளி வேடம் பையனுக்குப் பாராட்டு வாங்கித் தரும், பெண்ணுக்கு 'அடக்கமே இல்லை' என்ற பேர்தான்.

வேலைக்குப் போகும் இடத்திலும் இது தொடர்கிறது. ஜி.டி., அதாவது குரூப் டிஸ்கஷன், என்று பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசவிடுகிறார்கள். யார் முதலில் வாயைத் திறக்கிறார், யார் குறுக்கே பேசுகிறார் என்பதே பாதித் தேர்வு. பி.பி.ஓ. கம்பெனிகளில் வாய்ஸ், நான்-வாய்ஸ் என்று இரண்டு பிரிவு. போனில் பேசும் வாய்ஸ் வேலைக்குச் சம்பளம் கூடுதல். ஆனால் அது பெரும்பாலும் இரவு ஷிஃப்ட், வீட்டில் விடுவதில்லை. நான்-வாய்ஸுக்குப் போகும் பெண் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறாள், அவள் பேச்சு ஆங்கிலம் கல்லூரியை விட்டபோது இருந்த அளவிலேயே நிற்கிறது. மூன்று வருடம் கழித்து டீம் லீடர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது 'அவளுக்குக் கான்ஃபிடென்ஸ் பத்தாது' என்பார்கள்.

2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதே வருடம் வந்த நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் கல்லூரிக்குள் நுழைந்தது. பாடம் வந்துவிட்டது. பேசுவதற்கான நேரம் வந்ததா என்பதுதான் என் சந்தேகம். அறுபது பேர் வகுப்பில், ஐம்பது நிமிடத்தில், ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அந்த நிமிடங்களையும் முதலில் கை தூக்குகிற ஐந்தாறு பேர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் மாற்றியது சில சின்ன விஷயங்கள்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கோர்த்து வாய்க்குக் கொண்டுவர நேரம் வேண்டாமா? மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. வகுப்பின் முன் சும்மா நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். அதைப் பழகவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

அப்புறம், எழுந்து நின்று பேசுவதை முதல் நாளிலிருந்து கடைசி மாதத்துக்குத் தள்ளினேன். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம், பிறகு நான்கு பேர் கூட்டத்தில் அதே கதை, பிறகு வாட்ஸாப்பில் எனக்கு மட்டும் ஒரு வாய்ஸ் நோட். ஒரே கதையை நாலாவது முறை சொல்லும்போது வாக்கியங்கள் தாமாகவே நிமிர்ந்துவிடுகின்றன. பேச்சின் நடுவில் குறுக்கிட்டுத் திருத்தும் என் கெட்ட பழக்கத்தையும் விட்டேன். முடித்த பிறகு ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்வேன். வாய்ஸ் நோட்டில் ஒரு வேடிக்கை பார்த்தேன். பையன்கள் ஒரே முறை பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள், பின்னணியில் டீக்கடைச் சத்தம்கூடக் கேட்கும். பெண்கள் அனுப்பி, அழித்து, மறுபடி அனுப்பி, 'திஸ் மெசேஜ் வாஸ் டெலீட்டட்' என்ற வரி நாலைந்து வரிசையாக நிற்கும். முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால், ஒவ்வொரு அழிப்புக்குப் பின்னாலும் ஒரு முறை பேசிப் பார்த்திருக்கிறாள். வகுப்பில் கிடைக்காத ஐந்து முறை அது.

அந்த வருடக் கடைசியில் அதே கேள்வியோடு மறுபடி சீட்டு கொடுத்தேன். பையன் ஆறு போட்டிருந்தான். ஏன் குறைத்தாய் என்று கேட்டேன். "இப்பதான் மேம் டென்ஸ் தப்பா வர்றது என் காதுக்கே கேக்குது" என்றான்.

அந்தப் பெண்ணின் சீட்டில் முதலில் ஆறு என்று இருந்தது. அதை அடித்திருந்தாள். பக்கத்தில் மறுபடியும் ஆறு என்றே எழுதியிருந்தாள்.